ஒற்றைச் சுற்று

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்காது, கெட்ட வார்த்தை வராது. ஒரே ஒரு வாக்கியம் வரும். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் ஒரே மகள் பெட்டியோடு வாசலில் நின்ற அன்றும் அப்படி ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

“ஒன் சத்தம் இனி என் காதுல விழப்பிடாது.”

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர் ஒரு மிக்ஸி மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அதில் கருகிப்போன கம்பியை வெட்டி எடுக்க ஆரம்பித்தார். அவள் போய்விட்டாள்.

அம்பர்நாத்தில் பாக்டரி வேலை பார்க்கிற பையனுக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற நேரத்தில் வேண்டாம் என்றாள். பையன் மேல் குறை ஒன்றும் இல்லையாம். வெளிநாட்டு வானொலி ஒன்றின் தமிழ்ப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் அப்புறம், வேலை முதலில் என்றாள். பையன் வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றது அவர்தான். நானும் பக்கத்தில் நின்றேன். ஆனால் எனக்கு அவ்வளவு சீக்கிரம் கழுத்து வலிக்காது.

அந்த வானொலிப் பைத்தியத்தை அவளுக்கு ஏற்றிவிட்டவரே அவர்தான். தாராவியில் எங்களுக்குக் கீழே கடை, மேலே குடித்தனம். மோட்டார் வைண்டிங் கடை, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார், எது கருகினாலும் அவரிடம் வரும். சாயங்காலமானால் கடையில் ஷார்ட் வேவ் ரேடியோ பேச ஆரம்பிக்கும். கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிற அந்தத் தமிழ் ஒலிபரப்பை அப்பாவும் மகளும் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் சிக்னல் எப்படி, குரல் தெளிவா, இரைச்சல் உண்டா என்று அவர் சொல்லச் சொல்ல அவள் நிலையத்துக்கு எழுதிப் போடுவாள். அப்படி எழுதுகிற நேயர்களுக்கு நிலையம் படம் போட்ட அட்டை ஒன்று அனுப்பும். கடைச் சுவர் முழுக்க அந்த அட்டைகள்தான். அவள் போன மறுநாள் சுவரில் பசை காய்ந்த கறை மட்டும் இருந்தது. ரேடியோ பிளாஸ்டிக் பைக்குள் புகுந்து பரணில் ஏறிவிட்டது.

நான் பக்கத்துக் கல்லியில், அதாவது சந்தில், ஸ்கூல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். மத்தியானம் மெஷினை நிறுத்தியதும் பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து மகளோடு பேசுவேன். இது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். கையை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கிற வீட்டில் இரண்டு பேரும் தெரியாத மாதிரியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

போன தை மாதம் ஒரு மத்தியானம் அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“யம்மா, வார ஞாயித்துக்கிழமை முழு நிகழ்ச்சியும் நாந்தான். தனியா. இதுவரைக்கும் எழுதிக் குடுத்துட்டு ஓரமா நின்னேன்லா, இப்ப மைக்ல நானே வாசிக்கப் போறேன்.”

அவள் நிறுத்தவில்லை.

“இந்த மாசத்தோட ஷார்ட் வேவ நிறுத்துதாங்க. அதுக்கப்புறம் எல்லாம் போன்லதான். ரேடியோல என் சத்தம் வாரது அந்த ஒரு நாளுதான்.”

அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலே கேட்டாள்.

இதைப் படிப்பவர்களுக்கு, போனிலேயே கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். என் தம்பிக்கும் அதுதான் தோன்றியது. என் வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். போனைத் தொட்டு அவள் குரலைக் கேட்டால் அது அவர் இறங்கி வந்ததாகிவிடும். நான் போனில் நிலையத்தின் ஆப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்தால், அவர் அன்றைக்குச் சொன்ன வாக்கியத்தை என் கண் முன்னால் தின்று விழுங்க வேண்டும். ரேடியோ அப்படியில்லை. அது அவருடையது. அதில் யார் வாசிக்கிறார்கள் என்பது நிலையத்தின் இஷ்டம். கேட்பவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. காதில் விழுந்துவிட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது, அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அடைபடப் போகிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏணியில் பாதி ஏறி நின்று, கீழே கடையில் அவர் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மகளுக்கு மறுபடியும் போன் போட்டேன்.

“என்னளா சொன்ன? வார ஞாயித்துக்கிழமையா? முழுசும் நீயேவா? அதுக்கப்புறம் ரேடியோவுலயே வராதா?” என்று கல்லி முனை வரை கேட்கிற மாதிரி கேட்டேன்.

“எதுக்கும்மா கத்துத?” என்றாள் அவள். கீழே சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் காலையில் ரேடியோ பரணிலிருந்து இறங்கியிருந்தது. புது பேட்டரி போட்டிருந்தார்.

“என்ன, செய்தி கேக்கவா?” என்றேன்.

“மழை நெலவரம்” என்றார். தை மாதத்தில் பம்பாயில் மழை.

ஆனால் ரேடியோ பேசவில்லை. ஒரு வருஷத்தில் எங்கள் கல்லி மாறிப் போயிருந்தது. எதிர்க் கட்டடத்தில் எம்பிராய்டரி மெஷின்கள் வந்திருந்தன. எல்லார் வீட்டிலும் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர். அவை கிளப்பிய மின் இரைச்சலில் ஷார்ட் வேவில் முள்ளை எங்கே வைத்தாலும் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு பொரியல் சத்தம்தான் வந்தது. ரேடியோவில் இருக்கிற இழுப்பு ஏரியல் போதாது என்று கூரைக்கு மேல் ஒரு நீளக் கம்பி கட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி அதில் ஈரச் சேலை காயப் போட்டிருக்கிறாள். “நல்ல கம்பியா கட்டியிருக்காருன்னு நெனச்சேன் யக்கா” என்றாள். சேலையை எடுக்க வைத்தோம். அதற்கு மறுநாள் கேபிள் டி.வி.க்காரனின் ஆட்கள், போட்டிக்கு எவனோ புதுக் கேபிள் இழுக்கிறான் என்று நினைத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

வாரத்தில் பாதி போய்விட்டது. அவர் சாப்பிடுகிறபோதுகூட ரேடியோவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து, “என் மக சத்தத்த நான் கேக்கணும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவர் உலகத்தில் உள்ள கம்பியெல்லாம் வாங்கத் தயாராக இருந்தார்.

வெள்ளிக்கிழமை வாக்கில் அவருக்குப் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. கம்பியை வளையமாகச் செய்து, அதன் இரண்டு முனையையும் கேங் கண்டன்சர் ஒன்றில் சேர்த்தால் அதுவும் ஏரியல்தான். பழைய ரேடியோக்களில் ஸ்டேஷன் மாற்றுவதற்குத் திருகுவோமே, அந்தத் திருகுக்குப் பின்னால் இருப்பது கேங் கண்டன்சர். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இரைச்சல் வருகிற பக்கம் அடங்கும். கையில் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இது எப்போதோ அதே ஒலிபரப்பில், நேயர் யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னது. அப்பாவும் மகளும் சேர்ந்து கேட்டது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கும் நினைவிருந்தது.

வளையம் சுற்றுவது அவருக்குக் கை வந்த வேலை. ஆனால் அங்கேதான் தப்பு நடந்தது. அது வைண்டிங்காரர் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மோட்டார் காயிலில் ஒரு சுற்று குறைந்தாலும் போச்சு. கரன்ட் அதிகமாகப் பாய்ந்து அன்றைக்கே கருகிவிடும். கடை போட்ட நாளிலிருந்து அவர் பயந்த பயம் அது ஒன்றுதான். வேலை கற்க வருகிற எவனிடமும், “கூடுனா பரவால்ல, கொறையப்பிடாது” என்பதைத்தான் முதலில் சொல்லுவார். அதனால் அண்டா வாய் அளவுக்கு ஒரு வளையம் எடுத்து, அதில் சுற்று மேல் சுற்றாகப் பத்துப் பதினைந்து சுற்று போட்டார். மேலே பருத்தி நாடா கட்டினார். வார்னிஷில் தோய்த்து வெயிலில் காயவைத்தார். கல் மாதிரி இறுகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிய மோட்டார் ஏதோ ஒன்றின் காயில் என்றுதான் யாரும் சொல்லுவார்கள்.

ரேடியோவோடு சேர்த்து வைத்துத் திருகினார். உடனே ஒரு மராத்திக்காரர் கடையே அதிரும்படி வெங்காய விலை சொன்னார். இங்கேயே பம்பாயில் இருக்கிற மீடியம் வேவ் நிலையம் அது. முள்ளை ஷார்ட் வேவில் எங்கே தள்ளினாலும் அவரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“பாத்தியா, என்னமா இழுக்குது!” என்றார் இவர்.

“வெங்காய வெல கேக்கவா இவ்வளவு பாடு?” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “இங்ஙன எரச்சலு. வெட்டவெளிக்குப் போனா வந்துரும்” என்றார். எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை. செம்பூரில் என் தம்பி இருக்கிற கட்டடத்தின் மொட்டை மாடியைப் பற்றி நானே சொன்னேன். பட்டறையில் மிஞ்சிய துணியில் அந்த வளையத்துக்கு ஒரு பெரிய வட்டப் பையும் தைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழக் கிளம்பினோம். ஹார்பர் லைன் ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் பையின் வடிவத்தைப் பார்த்ததுமே கை நீட்டித் தடுத்தார்.

“யே க்யா ஹை?” என்றார். இது என்ன என்று கேட்கிறார். திறக்கச் சொன்னார்.

வெளியே வந்த சாமான்களை நானே போலீஸ்காரராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒரு ரேடியோ, கம்பி வளையம், நட்டு போல்ட்டோடு ஒரு கண்டன்சர், பேட்டரி, கட்டர். பின்னால் வரிசை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு ஹிந்தி நன்றாக வரும். அன்றைக்குப் பார்த்து வாய் ஒட்டிக்கொண்டது. ஷார்ட் வேவ், ஏரியல், வெளிநாட்டு நிலையம் என்று அவர் விளக்க ஆரம்பித்தால் ராத்திரி வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

“பேட்டி கா ஹை, சாப். டான்ஸ் கா ரிங். ரேடியோ லகாகே டான்ஸ் கர்தி ஹை” என்றேன். எங்கள் மகளுடையது, ரேடியோ போட்டுக்கொண்டு இந்த வளையத்தை வைத்து ஆடுவாள் என்று ஒரு புளுகு. என் வீட்டுக்காரர் முன்னால் மகள் என்ற வார்த்தையை நான் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அதையும் ஹிந்தியில்தான் சொல்ல முடிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

போலீஸ்காரருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வளையத்தை எடுத்து வளைத்துப் பார்த்தார். நாடாவுக்குள் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். மெல்லிசான ஃபேன் கம்பி, வார்னிஷில் விறைத்திருந்தது. பட் பட் என்று அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. “ஜாவ், ஜாவ்” என்று எங்களைப் போகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பைக்குப் போய்விட்டார்.

ரயிலில் என் வீட்டுக்காரர் வளையத்தை மடியில் வைத்து, அறுந்த இடத்தையே தடவிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

“போச்சு” என்றார். “சுத்து கொறஞ்சிட்டு. இனி என்னத்த இழுக்கப் போவுது?”

அங்கே அவள் இந்நேரம் மைக் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி கட்டட வாசலிலேயே காத்திருந்தான். மொட்டை மாடியில் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்பது குடியிருப்பவர்கள் சங்கமான சொசைட்டியின் சட்டம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி சாவி வாங்கியிருந்தான்.

“அத்தான், செக்ரட்டரி கோயிலுக்குப் போயிருக்காரு. அவர் வாரதுக்குள்ள முடிச்சிருங்க. நான் படியில நிக்கேன்” என்றான்.

மேலே போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ரேடியோவையும் கண்டன்சரையும் வைத்தார். அறுந்த சுற்றுகளை உரித்து எறிந்துவிட்டு, மிஞ்சிய முனைகளை பிளேடால் சுரண்டி மாட்டினார். நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரம் ஆகியிருந்தது. ரேடியோவைப் போட்டதும் மராத்திக்காரர்தான் வருவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மராத்திக்காரர் வரவில்லை. அவர் எங்கேயோ ஓரமாக முனகினார். அவருக்கு மேலே, எந்த மொழி என்றே தெரியாத ஒரு பாட்டு கேட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குரல். என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டு ரேடியோவைப் பார்த்தார். அப்புறம் கீழே கிடந்த அறுந்த கம்பிகளைப் பார்த்தார்.

“கொறஞ்ச பொறவுதான் வருது” என்றார், தனக்குத்தானே.

“அப்பம் இன்னும் கொறையுங்க.”

அவர் கட்டரை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

“ஒரு சுத்து கொறஞ்சாலும்…”

“கருகிரும். தெரியும். இதுல என்ன கரன்டா ஓடுது கருக? வெறுங்கம்பி இது!” எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அங்க ஒம்ம மக பேச ஆரம்பிச்சிட்டா. இங்க நின்னு மோட்டாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கீரே!”

அவரை நான் அப்படி ‘நீர்’ என்று சொல்லிப் பேசியதில்லை. அவர் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கினேன். நாடாவை அறுத்தேன். வார்னிஷ் விட்டுக் கொடுக்கவில்லை, நகத்தால் பிரித்தேன். ஒரு சுற்றை வெட்டி இழுத்தேன், இன்னொன்றை வெட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொரு தடவையும் முனையைச் சுரண்டி மாட்டினார். மாட்ட மாட்டப் பாட்டுகள் மாறின, குரல்கள் மாறின. கடைசியில் என் கையில் ஒரே ஒரு சுற்று மிஞ்சியது. அதையும் வெட்டிவிட்டால் ஒன்றுமே இல்லை.

“இரு, இரு” என்றார். கண்டன்சரைப் பைய, மிகவும் பைய திருகினார். ரேடியோவின் இரைச்சல் திடீரென்று பொங்கி எழுந்தது. அதற்குள்ளிருந்து தமிழ் வந்தது.

அவள்தான். பாதிச் செய்தியில் இருந்தாள். எங்கள் வீட்டில் கத்திப் பேசுகிற பெண், அங்கே அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நன்றாகக் கேட்க ரேடியோப் பக்கம் குனிந்தேன். கை தாழ்ந்தது, குரல் போய்விட்டது.

“தூக்கு, தூக்கு!”

பிரச்சினை அப்போதுதான் புரிந்தது. பதினைந்து சுற்று இருந்தபோது வளையம் தானாக நின்றது. ஒற்றைக் கம்பி துவண்டு விழுந்தது. நான் இரண்டு கையாலும் தூக்கினால் நடுவில் தொய்ந்தது. அவர் எதிர்ப் பக்கம் வந்து பிடித்தார். வட்டமாக விரித்ததும் குரல் திரும்பி வந்தது. லிஃப்ட் மோட்டார் ஓடுகிறபோதெல்லாம் ஒரு கரகரப்பு வந்து அவள் மேல் விழுந்தது. கண்ணால் ஜாடை காட்டினார். இரண்டு பேரும் வளையத்தோடு சேர்ந்து ஒரு கால் ஒரு காலாக நகர்ந்து திரும்பினோம். ஓரிடத்தில் கரகரப்பு அடங்கியது. அங்கேயே நின்றுவிட்டோம்.

அசைந்தால் போய்விடும். அதனால் இரண்டு பேரும் எதிரெதிரே, கையை நீட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். எங்களுக்கு நடுவில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்து, நேயர்களின் கேள்விக்குப் பதில் சொன்னாள். ஷார்ட் வேவில் இது கடைசி ஞாயிறு என்று சொன்னாள். இத்தனை வருஷம் ஏரியலைத் திருப்பித் திருப்பித் தங்களைக் கேட்டவர்களுக்கு நன்றி என்றாள். அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கம்மியது.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைப்பதற்குக் கை இல்லை. கன்னத்தில் ஓடி, மீசையில் இறங்கி, சட்டையில் சொட்டியது. முகத்தைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் வளையம் திரும்பும். அதனால் முகத்தையும் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

முடிவு இசை வந்தது. இரைச்சல் வந்தது. கையைக் கீழே இறக்கியபோது தோள் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தன. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

என் போன் அடித்தது. முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. எடுக்கவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

“எடேன். எம்புட்டு நேரம் அடிக்கும்?” என்றார், திரும்பாமல்.

ஸ்பீக்கரில் போட்டேன்.

“யம்மா, கேட்டியா? எப்படி இருந்துச்சு?”

நான் அவர் முதுகைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள், “யம்மா, யம்மா” என்றாள். அப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, முன்பு கடையில் சொல்லுவாரே அதே குரலில், எழுதிக்கொள்ள இடம் விட்டு விட்டுச் சொன்னார்.

“சிக்னல் ஏறி எறங்குது. லிஃப்ட் எரச்சல் கொஞ்சம் உண்டு. குரல் தெளிவு. மொதச் செய்தி கெடைக்கல. கடைசில ஒரு எடத்துல கம்மிட்டு, தண்ணி குடிச்சிட்டு வாசிக்கணும்.”

கட் ஆகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எப்பா,” என்றாள், “எந்த ஏரியல்ல கேட்டிய?”

அவர் திரும்பினார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். தரையில் துவண்டு கிடந்த கம்பியை எடுத்துக்கொண்டார். மற்றக் கையை என் முன்னால் நீட்டினார். போனை அதில் வைத்தேன்.

“ஒத்தச் சுத்துதாட்டி” என்றார். “நான் கூடுதலா சுத்திட்டேன். ஒங்கம்மதான் வெட்டுனா.”